டப்ளர் ப்ளகின்: ரிதம் கிட்டாருக்கு வாங்காதீங்க

"ஒரு தடவ வாசிச்சா போதும், இன்னொன்ன நாங்க பாத்துக்கறோம்"னு விக்கிற டப்ளர் ப்ளகின்ல (ஒரு தடவ ரெக்கார்ட் பண்ணத ரெண்டு தடவ வாசிச்ச மாதிரி காட்டுற சாஃப்ட்வேர்) ஒண்ண வாங்கி டிஸ்டார்ஷன் கிட்டார்ல போட்டுப் பாத்தேன். பேர் வேணாம், இந்த வகைல நிறைய இதே மாதிரிதான். ஹெட்ஃபோன்ல மொதல்ல கேக்கும்போது அசத்தலாத்தான் இருக்கு, நடுவுல உக்காந்திருந்த கிட்டார் டக்குனு ரெண்டு பக்கமும் விரியுது, டிலே (தாமதம்), டீட்யூன் (சுருதி நகத்தறது), விட்த் (அகலம்), மிக்ஸ் (எஃபெக்ட் எவ்ளோ கலக்கணும்)னு நாலே நாப், மேனுவல் பக்கமே போக வேணாம்.

மாஸ்டர்ல (எல்லா சவுண்டும் கடைசியா சேர்ற சேனல்) மோனோ பட்டன, அதாவது ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கூட்டுற பட்டன, அழுத்துங்க, அப்ப தெரியும் சங்கதி. உள்ள நடக்குறது இவ்ளோதான், அதே டேக்கோட (ஒரு தடவ வாசிச்சு ரெக்கார்ட் பண்ணது) காப்பிய கொஞ்சம் லேட் பண்ணி, பிட்ச்ச சில சென்ட் (செமிடோன்ல நூறுல ஒரு பங்கு) நகத்தி எதிர்ப்பக்கம் தள்ளுது. இவ்ளோ சின்ன டிலேவ காது தனி சவுண்டா எடுத்துக்காது, எந்தப் பக்கம் முந்தி வருதோ அங்கயே சாஞ்சிடும், ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஹெல்முட் ஹாஸ் 1949லயே இத எழுதி வச்சிட்டாரு. அதனால மீட்டர்ல ரெண்டு பக்கமும் சமமா நின்னாலும் கிட்டார் முந்தி வர்ற லெஃப்ட்லயே இழுக்குது. மோனோல கூட்டுனா இன்னும் மோசம், 1 மில்லிசெகண்ட் டிலேன்னா 500 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம் (அந்த ஃப்ரீக்வென்சி காணாமப் போகும்), அப்புறம் 1500, 2500னு வரிசையா வெட்டிக்கும், டீட்யூனும் சேந்தா அந்தப் பள்ளமெல்லாம் நகந்துட்டே இருக்கும், போன் ஸ்பீக்கர்ல கேட்டா பவர் கார்டு மேல யாரோ கோரஸ் பெடல மிதிச்சிட்ட மாதிரி நெளியுது.

நெசமாவே ரெண்டு தடவ வாசிச்சு ஒண்ண ஃபுல் லெஃப்ட், இன்னொண்ண ஃபுல் ரைட் தள்ளுனா இந்த வம்பே இல்ல. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் டைமிங்ல, பிக் படுற விதத்துல மாறிட்டே இருக்கும்ல, அந்த வித்தியாசம்தான் அகலமே. மோனோல அகலம் போகும், சத போகாது. நடுவுல கிக், ஸ்னேர், பேஸ், வோக்கலுக்கும் தாராளமா எடம் கெடைக்கும். ஆனா கெயின (டிஸ்டார்ஷன் அளவ) எப்பவும் வைக்கிறத விட கொறைங்க, ரெண்டு லேயர் சேந்தா அதுவே தடிச்சிடும். ரெண்டாவது டேக்குக்கு பிக்கப்ப (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலாக்குற பாகம்) மாத்துனா இன்னும் நல்லா பிரியும். ரிஃப் முடியுற எடத்துல ரெண்டு டேக்கும் ஒண்ணா நிக்கணும், ஒரு பக்கம் ஸ்ட்ரிங் அடங்கி இன்னொரு பக்கம் இழுத்துட்டு இருந்தா அசிங்கமா கேக்கும், பாம் மியூட்ல (உள்ளங்கைய ஸ்ட்ரிங் மேல வச்சு அடக்கி வாசிக்கிறது) இது ரொம்பவே தெரியும். ஒரே டேக்க காப்பி பேஸ்ட் பண்ணி ரெண்டு பக்கம் போடுறவங்களும் இருக்காங்க, அது ஸ்டீரியோவே இல்லங்க, நடுவுலயே சத்தம் கூடுன மோனோ.

ப்ளகின் சுத்த வேஸ்ட்னு சொல்லல. 1966ல லண்டன் அபே ரோட் ஸ்டுடியோல இன்ஜினியர் கென் டவுன்சென்ட் டேப் மெஷின வச்சு ஏடிடிய (ஆர்டிஃபிஷியல் டபுள் ட்ராக்கிங், ஒரே டேக்க ரெண்டாக் காட்டுற முறை) உண்டாக்குனதே பாட்டுக் குரலுக்குத்தான், பாடுறவங்க ரெண்டாவது தடவ பாடி அலுத்துப் போனதால. அந்த வேலைய இதுவும் ஒழுங்கா செய்யுது. பேக்கிங் வோக்கல், கிளீன் ஆர்பெஜியோ (டிஸ்டார்ஷன் இல்லாம கார்டு நோட்ட ஒண்ணொண்ணா வாசிக்கிறது), லீட், இதுலெல்லாம் மிக்ஸ் நாப கொஞ்சமா தொறந்தா அழகா இருக்கு. வோக்கலுக்கு 5க்கு 4, ரிதம் கிட்டாருக்கு 5க்கு ஒன்றரை, அந்த அரையும் டெமோ ரெக்கார்டிங்குக்கு.