களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஆயிரம், அந்தப் பக்கம் இரண்டாயிரம்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், எல்லையில் இருக்கும் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் போகிறவர், வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால், ஒரே பயணத்தில் இரண்டு மாநில அபராதத் தொகைகளுக்கு உட்படுகிறார். சட்டம் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்தில், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதும் அதில் சேர்ந்தது. வழக்கு நீதிமன்றம் போனால் முதல் தடவைக்கு 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 வருடத்துக்குள் மறுபடியும் சிக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

நீதிமன்றம் போகாமல் தீர்த்துக்கொள்ளும் தொகையை மாநில அரசுகள் நிர்ணயிக்கின்றன. வித்தியாசம் அங்கேதான் வருகிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு திருத்திய பட்டியல்படி முதல் தடவைக்கு 1,000 ரூபாய், மறுமுறைக்கு 10,000. கேரளத்தில் 2,000.

தொகையைவிடப் பெரிய வித்தியாசம் பிடிக்கிற முறையில் இருக்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் போலீஸ்காரர் கண்ணில் பட்டால்தான் சலான். அதனால் சந்திப்பு வந்ததும் போனைப் பைக்குள் போட்டு, தாண்டியதும் எடுக்கிற பழக்கம் வளர்ந்துவிட்டது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ஏஐ கேமரா எடுத்த படத்துக்கு அபராதம் விதிக்கிறார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் மூன்றையும் அது பார்க்கிறது. படத்தை ஊழியர் சரிபார்த்த பிறகே நோட்டீஸ் போகும். குமரி மாவட்டத்து டிஎன் 74, டிஎன் 75 எண் என்பதால் தப்பிக்க முடியாது, வாகனப் பதிவுத் தரவு நாடு முழுக்க ஒன்றே. ஆளைத் திருத்துவதில் கேரள முறைதான் வலுவானது என்பது எங்கள் கணிப்பு. 2,000 என்பதால் அல்ல; எங்கே பார்க்கிறார்கள் என்று ஊகிக்க முடியாததால்.

இனி, போனை வைத்துக்கொள்ளும் வழிகள்.

மிக மோசமானது ஹெல்மெட்டுக்குள் செருகுவது. "கை படவில்லையே" என்று வாதாடுவார்கள். ஆனால் போன் உள்ளே நுழைய வேண்டுமென்றால் தாடை வாரைத் தளர்த்த வேண்டும், அல்லது போடாமலே விட வேண்டும். விழும்போது ஹெல்மெட் தனியே கழன்று ஓடும்; ஓடாவிட்டால் கன்ன எலும்புக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே கண்ணாடித் தகடு ஒன்று சிக்கியிருக்கும். வாரை இறுக்கிக் கட்டி அணிவதைத்தான் 129ஆம் பிரிவு ஹெல்மெட் அணிவது என்கிறது. அது இல்லையென்றால் 194டி பிரிவு வரும்: 1,000 ரூபாயும், 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும். போன் வழக்கிலிருந்து தப்பி ஹெல்மெட் வழக்கில் விழுந்தால் லாபம் ஒன்றுமில்லை.

ஒரு கையில் போன், மறு கையில் ஆக்ஸிலேட்டர் என்பது எங்கேயுமே கெட்டதுதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இன்னும் கெட்டது. காற்றாலைகளை அங்கே நட்டதற்கான காரணமே கணவாய்க் காற்று. லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் காற்று பக்கவாட்டில் அறையும்போது, ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைத் திருத்த முடியாது. இடது கை போனில் இருந்தால் கிளட்சும் கைக்கு எட்டாது. கணக்கையும் பாருங்கள்: 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். யார் அழைக்கிறார்கள் என்று இரண்டு நொடி குனிந்தால் 33 மீட்டர் பார்க்காமலே கடந்தாயிற்று.

ப்ளூடூத் இயர்போன்தான் குழப்பம் பிடித்தது. 184இல் உள்ள சொல் 'கையில் பிடிக்கும்' கருவி. எழுத்துப்படி காதில் மாட்டியது அதில் வராது. ஆனால் அதே பிரிவில் இன்னொரு கூறு இருக்கிறது. கவனமுள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் தரத்துக்கு வெகுவாகக் கீழே, ஆபத்து என்று வெளிப்படையாகத் தெரியும்படி ஓட்டுவதும் குற்றம். விபத்து நடந்தபின் இயர்போன் பாதுகாப்புக் கவசம் ஆகாது. கை விடுபட்டாலும் கவனம் பேச்சில்தான் இருக்கும்; கண் பார்த்ததை மூளை பதிவு செய்யாது. பைக்கில் காற்று இரைச்சலை மீற ஒலியைக் கூட்டுவார்கள், பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்காது. வழி சொல்லும் குரலுக்காக ஒரு காதில் மட்டும், குறைந்த ஒலியில் என்றால் பரவாயில்லை. காரின் ஸ்பீக்கரில் பேசுவதும் இதே கதைதான், ஹாரன் கொஞ்சம் கேட்கும் என்பதைத் தவிர.

ஹோல்டரில் மாட்டி வழி பார்ப்பதற்கு விதியிலேயே இடம் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தம், கவனம் சிதறாதபடி வழிகாட்டலுக்கு மட்டும் என்று அனுமதிக்கிறது. ரீல்ஸ் அதில் சேராது. பைக்கில் நான்கு முனையும் பிடிக்கும் உலோக ஹோல்டர் நல்லது. ரப்பர் பட்டை மட்டும் உள்ளது குழியில் இறங்கும்போது போனைத் துப்பிவிடும். ஸ்பீடாமீட்டரை மறைக்காமல், பார்வை அதிகம் இறங்காத உயரத்தில் மாட்டுங்கள். விலை உயர்ந்த போனாக இருந்தால் யோசியுங்கள். பெரிய எஞ்சின் பைக்கின் அதிர்வு கேமராவின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. மழையில் தொடுதிரை தண்ணீரை விரல் என்று நினைத்துத் தானாகவே எதையாவது திறக்கும். ஆகவே இடத்தைக் கிளம்புமுன் போட்டு, குரலைத் தமிழுக்கு மாற்றி, திரையைத் தொடாமல் விடுவதே முறை. காரில் கண்ணாடியில் அழுத்தி ஒட்டும் உறிஞ்சுகோப்பை ஹோல்டர் வெயிலில் இளகி விழும். விழுந்த போனை ஓட்டியபடி தேடுவதுதான் அப்போது உண்மையான ஆபத்து. ஏர்பேக் மூடிக்கு முன்னாலும் மாட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் மலிவானது, போனிலேயே இருக்கும் 'வண்டி ஓட்டும்போது தொந்தரவு செய்யாதே' வசதி. ஐபோனில் ஃபோகஸ் பகுதியிலும், பல ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளிலும் கிடைக்கும். ஐபோன் தானாகவே பதில் செய்தியும் அனுப்பும். பேசியே ஆக வேண்டுமென்றால் ஓரம் கட்டுங்கள். ஆனால் மார்த்தாண்டம் மேம்பாலத்திலோ வளைவிலோ நிறுத்தினால் அது வேறு குற்றம், 122ஆம் பிரிவு. சிக்னலில் நிற்பதை நிறுத்தம் என்று எண்ண வேண்டாம்.

கேரளச் சலான், வண்டிப் பதிவில் இருக்கும் செல்போன் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாக வரும். எண் பழையதாக இருந்தால் தெரியவே தெரியாது. பெயர் மாற்றும்போதோ எஃப்சி எடுக்கும்போதோதான் பாக்கி தலைகாட்டும். பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையும், சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணையும் போட்டால் படத்தோடு பார்க்கலாம். கையில் இருப்பது போன்தானா, காது சொறிந்ததா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் 'சலான்' என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் ஆப் நிறுவும் கோப்பை, திறக்காதீர்கள், அரசு அப்படி எதையும் அனுப்புவதில்லை.