லாசரஸ்: ஓ எல் பாஸ்கல் தெரிஞ்ச ஆக்களுக்கு நல்ல சாமான்

சம்மாந்துறைல மாமாட ரைஸ் மில்லுல நெல் எடுக்கிற கணக்கு இன்னும் கொப்பியிலதான், கிலோ, ஈரக் கழிவு, விலை எல்லாம் கல்குலேட்டர்ல தட்டி முடிக்கிற வரைக்கும் நெல் கொண்டுவந்த ஆள் வாசல்ல நிக்கணும். இதுக்கு ஒரு சின்ன புரோகிராம் செய்ய பாத்ததில, புரோகிராம் எழுதுற மென்பொருள் லாசரஸ்தான் தோதா இருக்கு. காசில்ல, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூண்டிலயும் ஓடும், மொழி ஃப்ரீ பாஸ்கல், அதால இலங்கைல ஓ எல் பரீட்சைக்கு ஐசிடி (கம்பியூட்டர்) பாடத்தில பாஸ்கல் படிச்ச ஆக்களுக்கு பிகின், எண்ட் எல்லாம் தெரிஞ்சதுதான்.

ஃபோர்ம்ல, அதாவது நாம செய்ற விண்டோல, ஒரு பட்டன இழுத்துப் போட்டு டபுள் கிளிக் பண்ணினா, அத அமத்தினா ஓடவேண்டிய புரொசீஜர்ட (கட்டளைத் தொகுப்புட) தலையும் வாலும் தானா வந்து நிக்கும், மறுகா நாம நடுவுல கழிவு போக மிச்ச கிலோவ விலையால பெருக்கி லேபிள்ட கேப்ஷனுக்கு (அதில தெரியிற எழுத்துக்கு) குடுக்கிற வரிய மட்டும் எழுதினா சரி. விண்டோவ கீறுறது, மவுஸ் எங்க பட்டதெண்டு பாக்கிறது, அதெல்லாம் நம்மட தலையிடியில்ல. 1991ல வந்த விஷுவல் பேசிக் காட்டின வழிதான், ஆனா அதிட பழைய வெர்ஷன் விபி6ல பட்டன்ல தமிழ் அடிச்சா வெறும் கேள்விக்குறிதான் வரும், லாசரஸ்ல எல்லா மொழி எழுத்தையும் எடுக்கிற யூடிஎஃப்-8 முறை எண்டதால "ஈரக் கழிவு" எண்டு நேரா அடிக்கலாம். மாமாக்கு புடிச்சதே அதுதான், மத்ததெல்லாம் அவருக்கு என்னத்துக்கு.

குறையும் இருக்கு. பழைய வெர்ஷன்கள்ல ஐடிஇ (நாம புரோகிராம் எழுதுற இடம்) ஜன்னல் ஜன்னலா ஸ்கிரீன் முழுக்க சிதறிக் கிடந்தா, ஒண்டாக்கிறதுக்கு அங்கர் டொக்கிங் பேக்கேஜ் போட்டு ஐடிஇயவே திரும்ப பில்ட் பண்ணணும், புதுசா வாற ஆளுக்கு இது தேவையா? கிலோ பெட்டிய வெறுமையா விட்டு பட்டன அமத்தினா, அடிச்ச எழுத்த எண்ணாக்கிற ஸ்ட்ர்டுஃப்ளோட் எரர் போட்டு மில் பொடியன பயமுறுத்தும், அதுக்குப் பதிலா எரர் போடாத ட்ரைஸ்ட்ர்டுஃப்ளோட் பாவிங்க. பெரிய கரைச்சல் டேட்டாபேஸ்தான், கனெக்ஷன், ட்ரான்ஸாக்ஷன், குவெரி, டேட்டாசோர்ஸ் எண்டு நாலையும் ஒண்டோட ஒண்டு மாட்டினாத்தான் கிரிட்ல (அட்டவணைல) ஒரு வரி தெரியும், எஸ்கியூலைட் டேட்டாபேஸ் எண்டா விண்டோஸ்ல அதிட டிஎல்எல் ஃபைலயும் புரோகிராமுக்கு பக்கத்தில வைக்கணும். இந்த இடத்தில தெரிஞ்ச ஒரு ஆள பக்கத்தில வச்சிக்கிறது நல்லம்.

அஞ்சுக்கு நாலு குடுப்பன். எக்ஸெல்லால சமாளிக்கிற ஆக்கள் எக்ஸெல்லோடயே இருங்க. செய்ற ஆக்கள், மத்தவங்களுக்கு குடுக்க முதல் புராஜெக்ட் ஆப்ஷன்ல டீபக் தகவல (பிழை தேடுறதுக்கு சேர்க்கிற தகவல) நிப்பாட்டிடுங்க, இல்லாட்டி சும்மா ஒரு விண்டோவுக்கே எக்ஸ்இ ஃபைல் கன எம்பி வரும். மறுகா பென்டிரைவ்ல போட்டு குடுத்தா போதும், மில் கம்பியூட்டர்ல ஒண்டும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்ல.