காரைக்குடி மாலை நேரக் கால்பந்துப் பயிற்சி: துணைப் பயிற்சியாளரை நம்பிச் சேர்க்கலாம்

காரைக்குடியில் ஒரு கல்லூரித் திடலில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் மாலை நேரக் கால்பந்துப் பயிற்சியில், பதினொரு வயதான என் மகனைச் சேர்த்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் நான்கு நாள், ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை பயிற்சி. மாதக் கட்டணம் 800 ரூபாய். வாசல் பதாகையில் தலைமைப் பயிற்சியாளரின் படம்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை அன்றாடம் கட்டி மேய்க்கிறவர் கல்லூரி அணியின் துணைப் பயிற்சியாளர் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே, நாம் கொடுக்கும் கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவருடைய வேலையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அவர் ஐந்து மணிக்கே வந்து, ஒவ்வொரு பந்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றைச் சரிசெய்கிறார். பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கு 4ஆம் எண் பந்து. பெரியவர்களுக்கு மட்டுமே 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள 5ஆம் எண் பந்து. அடுத்து, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் காயம் ஏற்படாமல் தடுக்க வகுக்கப்பட்ட, உடலைச் சூடேற்றும் 'ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ்' முறையின் ஏழு பயிற்சிகளை, ஒற்றைக்காலில் நிற்பது முதல் அடிபடாமல் உருண்டு விழுவது வரை, ஒருநாளும் விடாமல் செய்யவைக்கிறார். ஐரோப்பாவில் சிறுவர் அணிகளிடையே நடந்த ஆய்வில், இம்முறையைப் பின்பற்றியவர்களுக்குக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சிறுவர்களைத் தலையால் பந்தை முட்டவும் அவர் விடுவதில்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை 2020இல் விலக்கியதை எடுத்துச் சொல்லி, ஆசைப்பட்டுக் கேட்ட பெற்றோருக்கும் பொறுமையாக மறுத்தார்.

அவரிடம் நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி போட்டு, வந்தானா, எந்தக் காலைத் தவிர்த்தான், எங்கே மூச்சு வாங்கினான் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். என் மகனின் பக்கத்தில் "இடது கால், பயம்" என்று ஜூலையில் மூன்று இடங்களில் இருந்தது; செப்டம்பரில் "இடது கால் பாஸ், 10க்கு 6" என்றிருந்தது. பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய செட்டிநாட்டில், இப்படி ஒரு கணக்கின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

மகனுக்காகக் காத்திருந்த மாலைகளில் அவர் சொல்லித் தெரிந்துகொண்டது இது. கல்லூரி அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர், முழங்கால் தசைநார் கிழிந்ததால் ஆட்டத்தை விட்டிருக்கிறார். பிறகு இரண்டாண்டு பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' பயிற்சியாளர் உரிமம் என்று ஒவ்வொன்றாக முடித்திருக்கிறார். அதற்கு மேல் சி, பி, ஏ, புரோ என நான்கு படிகள் இருக்கின்றன. 'சி' உரிமத்துக்கு விடுப்பும் பணமும் வேண்டும்; அவருக்கோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தொகுப்பூதிய வேலை, மே மாதம் சம்பளமே கிடையாது. காலையில் கல்லூரி அணிக்கு ஓட்டம், பிற்பகலில் எதிரணியின் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துக் குறிப்பெடுப்பது, மாலையில் நம் பிள்ளைகள் என்று உழைக்கும் ஒருவரை இந்த நிலையில் வைத்திருப்பது நியாயமில்லை என்பதை நிர்வாகத்திடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஐப்பசி மழையில் செம்மண் திடல் சேறாகி, பன்னிரண்டு நாள் பயிற்சி நின்றது. கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. ஆறரை மணிக்கு மேல் வடக்குக் கோல் பக்கம் வெளிச்சம் போதவில்லை. வேலியோரம் சீமைக்கருவேல முள் கிடக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதும் அதிகம். இன்னொரு உதவியாளரையாவது நியமிக்க வேண்டும்.

சேர்க்க நினைப்பவர்கள் தடித்த அடிப்பாகமுள்ள காலணியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். திடலில் குடிநீர்க் குழாய் இல்லை. ஐந்தரைக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். உடலைச் சூடேற்றும் பயிற்சியைத் தவறவிட்டவனை அவர் அன்றைக்குப் பந்தைத் தொட விடமாட்டார்.