அல்சூர் கிளினிக்கில் நீர்க்கடுப்புக்குச் சிகிச்சை: எங்கள் அனுபவம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே, கீழ்த்தளத்தில் ஆய்வகமும் மாடியில் மருத்துவர் அறையுமாக இயங்கும் சிறிய கிளினிக் ஒன்றுக்கு, நீர்க்கடுப்பால் அவதிப்பட்ட என் அம்மாவை அழைத்துச் சென்றேன். அவருக்கு வயது 62; பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வாரங்களுக்கு முன் எரிச்சல் தொடங்கியபோது, மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலேயே மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் எரிச்சலைத் தணிக்கும் சிரப்பும் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கிக்கொண்டோம், அது எங்கள் தவறு. நான்கு நாள் அடங்கியிருந்த கடுப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பியது.

மருத்துவர் தமிழிலேயே பேசினார். "அம்மா, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்ததா? விலாப்பக்கம் வலிக்கிறதா? சிறுநீரில் இரத்தம் தெரிந்ததா?" என்று நிதானமாகக் கேட்டவர், வெள்ளைப்படுதல் பற்றிய கேள்விக்கு அம்மா தயங்கியதைக் கண்டு, மகனாகிய என்னை வெளியே அமரச் சொன்னார். அந்தப் பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கடுப்பு என்றாலே கிருமித்தொற்று என்று முடிவு கட்டக் கூடாது என்பதை அவர் பிறகு விளக்கினார். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ. மட்டுமே என்பதால் தொற்று எளிதில் ஏறிவிடுகிறது என்றாலும், சிறுநீர்க் கல், பூஞ்சைத்தொற்று, பால்வினை நோய், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, வாசனைச் சோப்பினால் ஏற்படும் ஒவ்வாமை, ஆண்களானால் புராஸ்டேட் வீக்கம் என எதனாலும் இதே எரிச்சல் வரலாம்.

மருந்து எழுதுவதற்கு முன்பே சிறுநீர் மாதிரியைக் கேட்டார்கள். ஆய்வகப் பெண் ஊழியர் மூடியிட்ட டப்பாவைக் கையில் வைத்துக் காட்டி, "முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள் அம்மா, டப்பாவின் உட்புறத்தில் விரல் படக் கூடாது" என்று செய்துகாட்டினார். முன்பு சென்ற வேறோர் ஆய்வகத்தில் டப்பாவை நீட்டியதோடு சரி. மாதிரி கொடுத்த அன்றே மருந்து தொடங்கியது. மூன்றாம் நாள் வந்த கல்ச்சர் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் சோதனை) அறிக்கையில் ஈ.கோலி கிருமி என்றும், கடையில் வாங்கிய மாத்திரை அதற்குக் கேட்காது என்றும் இருந்தது. மருத்துவர் தொடங்கிய மருந்து கேட்கும் என்பதால் அதையே முழு நாள்களுக்கும் தொடரச் சொன்னார்.

குறை ஒன்று உண்டு. மாதிரி எடுக்கும் கழிவறையில் டப்பாவை வைக்க ஒரு தட்டுகூட இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி திண்டாடினார். சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கடுப்போடு காய்ச்சல், குளிர், வாந்தி, விலாவலி சேர்ந்தாலும், சிறுநீர் அறவே வராமல் நின்றாலும், கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ வலியோ வந்தாலும், திங்கள் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுமாறு வாசலிலேயே தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.