மூன்றாவது விரலுக்காக ஒரு மரத்துண்டு: பேஸ் கிட்டார் ரேம்ப் மதிப்புரை

பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவே, தந்திகளுக்கு அடியில், கருவியின் உடல்மேல் ஒட்டிவைக்கும் மரப்பலகைக்கு ரேம்ப் என்று பெயர். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டால் பல ஆண்டுகள் வாசித்துவிட்டு, மோதிர விரலையும் சேர்த்து மூன்று விரல்களால் மீட்டப் பழகத் தொடங்கிய நான், எட்டு மாதங்களாகியும் முன்னேற்றம் காணாத நிலையில், இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு பட்டறையில் அளவு கொடுத்து ஈட்டி மரத்தில் இதைச் செய்து வாங்கினேன். விலை 1,800 ரூபாய். ஐந்து மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மூன்று விரல் மீட்டலின் உயிர்நாடி, விரல் தந்திக்குக் கீழே எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில் இருக்கிறது. அந்த ஆழத்தைக் கைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கருவியை நான் இதுவரை பயன்படுத்தியதில்லை.

ரேம்ப் என்றதும் பேஸ் கலைஞர்கள் நினைவுகூரும் பெயர் கேரி வில்லிஸ். டிரைபல் டெக் என்ற ஜாஸ் ஃப்யூஷன் குழுவில் கிட்டார் கலைஞர் ஸ்காட் ஹெண்டர்சனுடன் வாசித்த அவர், மூன்று விரல்களால் மிக மென்மையாக மீட்டுபவர். ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவை உயர்த்திவைத்துக் கையின் விசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய அணுகுமுறை. ஐபனெஸ் நிறுவனம் அவர் பெயரில் வெளியிட்ட பேஸ் கிட்டார்களின் வழியாக ரேம்ப் பலருக்கும் அறிமுகமானது. ஆனால் மூன்று விரல் மீட்டல் ஜாஸ் இசைக்கு மட்டும் உரியதன்று. மிஸ்டர் பிக் என்ற ராக் குழுவின் பில்லி ஷீஹனும், கனிபல் கார்ப்ஸ் என்ற டெத் மெட்டல் குழுவின் அலெக்ஸ் வெப்ஸ்டரும் இதே மூன்று விரல்களைக் கொண்டு முற்றிலும் வேறான, கடுமையான ஓசையை எழுப்புகிறார்கள். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றையே நம்பி வாசித்ததையும் இங்கே மறந்துவிடக் கூடாது. நல்ல பேஸ் வாசிப்புக்கு மூன்று விரல்கள் கட்டாயம் என்று யாரும் சொல்ல முடியாது.

மோதிர விரலின் இயல்பைத் தெரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை போதும். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிவைத்துக்கொண்டு, மோதிர விரலை உயர்த்திப் பாருங்கள். அது அசைய மறுக்கும். விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம். இப்படித் தன்னுரிமை இல்லாத ஒரு விரலைத் தந்தியின்மேல் வைத்தால், விசையை அளந்து கொடுக்க அதற்குத் தெரிவதில்லை. ஆழமாக இறங்கித் தந்தியைக் கொக்கிபோல் பிடித்து இழுக்கும், அல்லது மேலோட்டமாக உரசிவிட்டுப் போய்விடும். என் வாசிப்பை அலைபேசியில் பதிவு செய்து கேட்டபோது, மூன்று சுரங்களுக்கு ஒருமுறை ஒலி தடித்தும் மெலிந்தும் வந்ததற்கு இதுவே காரணமாக இருந்தது. ஆழமாக இறங்கிய விரல் மேலே திரும்பிவரவும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால், தாளமும் அந்த இடத்திலேயே தடுக்கியது.

ரேம்ப் செய்யும் வேலை மிக எளியது. பலகையின் மேற்பரப்பு பிக்கப்பின் உயரத்துக்கே இருப்பதால், தந்திக்கும் மரத்துக்கும் இடையே எனக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் கிடைக்கிறது. விரல்நுனி அதற்குமேல் இறங்க முயன்றால் மரத்தில் முட்டி நின்றுவிடும். மூன்று விரல்களுக்கும் ஒரே தரை கிடைத்துவிடுவதால், நீளத்திலும் வலுவிலும் அவற்றுக்குள் உள்ள வேறுபாடு ஒலியில் பெருமளவு மறைந்துவிடுகிறது. முதல் வாரம் எனக்குப் பெரும் எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு மீட்டலிலும் நகம் மரத்தில் மோதும் ‘டக்’ என்ற சத்தம் ஆம்ப்ளிஃபையரில் தெளிவாகக் கேட்டது. அந்தச் சத்தம் எந்த விரலில் எழுகிறது என்று கூர்ந்து கேட்கத் தொடங்கிய பிறகுதான் கருவியின் அருமை விளங்கியது. மோதிர விரல் மட்டுமல்லாமல், நான் பெரிதும் நம்பியிருந்த நடுவிரலும் தேவைக்குமேல் அழுத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரத்தில் சத்தம் குறைந்தது. ஆறாவது வாரத்தில், கவனித்துக் கேட்டால் மட்டுமே தெரியும் அளவுக்கு வந்துவிட்டது.

பலகை கற்றுத்தருவது ஆழத்தை மட்டுமே. விரல்களின் வரிசையை நாமேதான் உழைத்துப் பெற வேண்டும். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்ற வரிசையில் ‘தகிட’ என்று சொல்லிக்கொண்டு வாசித்தால், அட்சரத்துக்கு மூன்று சுரங்கள் வரும் திஸ்ர நடை தானாக அமைந்துவிடுகிறது. சிக்கல் அட்சரத்துக்கு நான்கு சுரங்கள் வரும் சதுஸ்ரத்தில்தான் தொடங்குகிறது. ‘தகதிமி’ என்று நான்கு சுரங்களை மூன்று விரல்களால் தொடர்ந்து வாசிக்கும்போது, முதல் அட்சரம் மோதிர விரலிலும், இரண்டாவது நடுவிரலிலும், மூன்றாவது ஆள்காட்டி விரலிலும் தொடங்கி, பன்னிரண்டு சுரங்கள் முடிந்த பிறகே வரிசை மீண்டும் மோதிர விரலுக்கு வருகிறது. ஆகவே அட்சரத்தின் தொடக்கத்தை அழுத்திக் காட்டும் பொறுப்பு மூன்று விரல்களுக்கும் மாறி மாறி வருகிறது. மிருதங்கப் பாடம் கேட்டவர்களுக்கு, நான்குக்குள் மூன்றை வைக்கும் இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

இந்தச் சிரமத்தைத் தவிர்க்க, மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், மீண்டும் நடுவிரல் என்ற நான்கு மீட்டல் வரிசையைப் பலர் பின்பற்றுகிறார்கள். அட்சரம் எப்போதும் ஒரே விரலில் தொடங்குவது அதன் நன்மை. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்: தாளம் காட்டும் மெட்ரோநோம் நிமிடத்துக்கு 120 அட்சரம் என்ற வேகத்தில் ஓட, அட்சரத்துக்கு நான்கு சுரங்கள் வாசித்தால், நொடிக்கு 8 சுரங்கள். இரண்டு விரல்களால் வாசிக்கும்போது ஒவ்வொரு விரலும் நொடிக்கு 4 முறை மீட்டும். நான்கு மீட்டல் வரிசையிலும் நடுவிரல் அதே 4 முறை மீட்டியாக வேண்டும். அதன் சுமை சிறிதும் குறைவதில்லை. மூன்று விரல்களும் சமமாகச் சுழலும்போதுதான் ஒவ்வொன்றின் பங்கும் மூன்றுக்கும் கீழே இறங்குகிறது. நான் சுழற்சி முறையையே தேர்ந்தெடுத்தேன். மெட்ரோநோமை 50இல் வைத்து, ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாக உயர்த்தினேன். முழங்கைக்குக் கீழே இறுக்கம் தோன்றிய நாள்களில் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை. எனக்கு முதலில் வந்த பலகையின் மேற்பரப்பு தட்டையாக இருந்தது. தந்திகளோ இடக்கை விரல்கள் அழுத்தும் ஃப்ரெட் பலகையின் வளைவை ஒட்டி மெல்லிய வில்போல் அமைந்திருப்பவை. ஆகவே நடுவிலுள்ள ஏ, டி தந்திகளுக்கு அடியில் இடைவெளி மிகுந்தும், ஓரத்திலுள்ள ஈ, ஜி தந்திகளுக்கு அடியில் குறைந்தும் இருந்தது. ஒரே தரையைத் தருவதற்காக வாங்கிய பொருள் தந்திக்கொரு தரையைத் தந்தது. பட்டறையில் மறுப்புச் சொல்லாமல் திரும்ப வாங்கி, உப்புத்தாளால் இழைத்து வளைவைச் சரிசெய்து தந்தார்கள் என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். உங்கள் கருவியின் ஃப்ரெட் பலகை வளைவின் ஆரம் 7.25 அங்குலமா, 9.5 அங்குலமா, 12 அங்குலமா என்று தெரிந்துகொண்டு, அதை எழுதிக் கொடுத்த பிறகே செய்யச் சொல்லுங்கள்.

பிக்கப்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் நீங்களே அளந்து கொடுப்பது நல்லது. ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வகைக் கருவிகளிலேயே 1960களின் அமைப்புக்கும் 1970களின் அமைப்புக்கும் பிரிட்ஜ் (தந்திகளை உடல்மேல் தாங்கும் பகுதி) பக்கப் பிக்கப்பின் இடத்தில் சுமார் 10 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. ஒன்றுக்குச் செய்த பலகை மற்றொன்றில் பொருந்தாது. ஒட்டுவதற்கு டபுள் சைடு டேப் போதும், துளையிட வேண்டியதில்லை. உயரம் போதாவிட்டால், விசிட்டிங் கார்டைத் துண்டுகளாக வெட்டி அடியில் வைக்கலாம். கடைசி ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும்போது தந்தி மரத்தைத் தொடாமல் அதிர்கிறதா என்று பார்த்த பிறகே நிலையாக ஒட்டுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள பழைய கருவியில் டேப்பை ஒட்டவே கூடாது, பூச்சு பாழாகிவிடும்.

தந்தியைக் கட்டைவிரலால் அடித்தும் விரலால் இழுத்தும் வாசிக்கும் ஸ்லாப் முறையினருக்கு இந்தப் பலகை தடையாகவே இருக்கும். தந்தியை அடியிலிருந்து கொக்கிபோட்டு இழுக்க விரலுக்கு இடமே கிடைக்காது. தந்தியை ஓங்கி மீட்டி உறுமவைக்கும் ராக் ஒலியை விரும்புபவர்களும் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்; மேலோட்டமான மீட்டலில் ஒலி தெளிவாகவும் சமமாகவும் வருமே தவிர, அந்த முரட்டுத்தனம் கிடைக்காது. அடிப்படை இரண்டு விரல் மீட்டலே இன்னும் கைகூடாதவர்களுக்கு இது இப்போது தேவையில்லை. அதில் தேர்ந்து, மூன்றாவது விரலில் மாதக்கணக்கில் திணறிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

கை எந்த அளவுக்குக் கற்றுக்கொண்டது என்று பார்ப்பதற்காக, சென்ற மாதம் பலகையைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் வாசித்தேன். ஏ, டி, ஜி தந்திகளில் மூன்று விரல்களும் பழகிய ஆழத்திலேயே நின்றன; பதிவைக் கேட்டபோது எந்தச் சுரம் மோதிர விரலுடையது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஈ தந்தியில் மட்டும், அதன் தடிமனுக்கு ஈடுகொடுக்க விரல்கள் மீண்டும் ஆழமாக இறங்கத் தொடங்கின. எட்டாம் நாள் புதிய டேப் வாங்கிப் பலகையை அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். இப்போது தினமும் முதல் இருபது நிமிடங்கள் ஈ தந்தியில் மட்டுமே பயிற்சி நடக்கிறது.