பகலில் பவர் வீடர், இரவில் பாட்டு: கொடிசியா மைதானத்தில் இரண்டு நாள்

ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை காலை பத்தே கால். கோவை கொடிசியா வளாகத்தில் வேளாண் கண்காட்சி, அதன் வாசலில் நான் தோளில் ஒரு யூரியா சாக்கோடு நிற்கிறேன். உள்ளே பிளாஸ்டிக் கவரில் கட்டிய தென்னை ஓலைத் துண்டு. செக்யூரிட்டி தம்பி சாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்ணா இது?" என்றார். "ஓலைங்க, வெள்ளை ஈ புடிச்சது" என்றேன். "ஸ்டாலுக்குங்களா?" "இல்லீங்க, காட்டறதுக்கு." அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தோப்பு. ஈச்சனாரியில் பைபாஸ் ஏறி நீலாம்பூரில் அவினாசி ரோட்டைப் பிடித்தால் ஊருக்குள் நுழையாமலே வந்துவிடலாம். உக்கடம் வழியாக வருகிறேன் என்று வீரம் காட்டவேண்டாம். பஸ்ஸில் வருகிறவர்கள் ஹோப் காலேஜ் தாண்டி விமான நிலையத்துக்கு முன்னால் இறங்கி, உள்ளே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். என்னோடு வந்தது மாமனார். வயது எழுபத்திரண்டு. கண்காட்சி என்றால் எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் விலை கேட்பவர்.

கொடிசியா என்பது கோவை மாவட்டச் சிறுதொழில்காரர்கள் 1969-ல் ஆரம்பித்த சங்கத்தின் பெயர். அவர்கள் கட்டிய வளாகத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. 2010-ல் செம்மொழி மாநாடு இங்கேதான் நடந்தது. அப்போது வந்த கூட்டத்தில் என் ஒற்றைச் செருப்பு போனது, அதற்குமேல் மாநாடு பற்றி எனக்கு நினைவில்லை. ஜூலை ஆனால் வேளாண் கண்காட்சி, அதே மாதத்தில் புத்தகத் திருவிழா, மற்ற நாட்களில் மெஷின் கண்காட்சி, கல்யாண நகைக் கண்காட்சி, திறந்தவெளியில் பாட்டுக் கச்சேரி. ஒரே இடத்துக்கு நான் ஆறு மாத இடைவெளியில் விவசாயியாகவும் ரசிகனாகவும் போய் வந்தேன். இரண்டும் இரண்டு ஊர் மாதிரி இருந்தது.

வேளாண் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஹாலுக்குள் நேரத்தைத் தொலைக்காமல் முதலில் வெளியே போங்கள். உள்ளே விளக்கு, கார்ப்பெட், நோட்டீஸ் கொடுக்கிற பிள்ளைகள், பேட்டரி, சோலார் பேனல். எல்லாம் பார்க்க அழகு. ஆனால் வண்டி ஓடுவது வெளியேதான். டிராக்டர், மட்டை தூளாக்கும் மெஷின், புல் நறுக்குகிற மெஷின் எல்லாம் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் நிற்கும். பிளேடைக் குனிந்து பார்க்கலாம், பெல்ட்டைக் கையால் தள்ளிப் பார்க்கலாம். கடையில் இதற்கு விடமாட்டார்கள்.

ஒரு ஸ்டாலில் பவர் வீடர், அதாவது களை எடுக்கிற மெஷின், ஓட்டிக் காட்டினார்கள். சுற்றிலும் பலகை அடித்து, உள்ளே பொலபொலவென்று மண் கொட்டி வைத்திருந்தார்கள். ரொட்டித் தூள் மாதிரி மண். வண்டி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது, சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மாமா மட்டும் பலகையைத் தாண்டி உள்ளே போய், ஒரு கை மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது நேத்துச் சலிச்ச மண்ணு. கோரை புடிச்ச செம்மண்ணுல ஓட்டிக் காட்டுவீங்களா?" என்றார். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "அதுக்கு உங்க காட்டுக்கே வரணுங்கய்யா" என்றான். "வா கண்ணு, சாப்பாடு போடறேன்" என்று விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டார். நம்பமாட்டீர்கள், ஆகஸ்ட்டில் அந்தப் பையன் நிஜமாகவே வண்டியைக் கொண்டுவந்தான். கோரை பிளேடில் சுற்றிக்கொண்டு கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பிடுங்க வேண்டியிருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னான். வண்டி இன்னும் வாங்கவில்லை. மானியத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம். சிறு விவசாயிக்குப் பாதி விலை வரை கிடைக்கும், மற்றவர்களுக்கு நாற்பது சதவீதம்.

டிரோன் தெளிப்பைப் பார்க்கத்தான் பெரிய கூட்டம். ஆனால் ஆனி முடிந்து ஆடி பிறக்கிற சமயம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேட்டியை உருவிவிடும்போல அடித்தது. பத்து லிட்டர் டேங்க்கோடு டிரோன் தரையில் உட்கார்ந்திருக்க, ஓட்டுகிறவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று ஓய்ந்த சந்தில் ஒருமுறை பறக்கவிட்டார். தெளித்த தண்ணீரில் பாதி பக்கத்து டிராக்டர் ஸ்டால் மேல் போனது. அதைப் பார்த்த எனக்கு ஒரு கேள்வி தீர்ந்தது: எங்கள் தோப்பில் இது ஜூலையில் உதவாது. சுற்றிக் காட்டுகிற வீடியோவில் இந்தப் பதில் கிடைக்காது.

சாக்கில் இருந்த ஓலைக்கு வருகிறேன். வேளாண் பல்கலைக்கழக ஸ்டாலில் ஒரு அம்மா கவரைப் பிரிக்காமலே ஓலையின் அடிப்பக்கத்தை லென்ஸால் பார்த்தார். வெள்ளை மாவு தூவியது போலச் சுருள் சுருளாக இருந்தது. "சுருள் வெள்ளை ஈதாங்க. மருந்து அடிச்சீங்களா?" என்றார். பக்கத்துத் தோப்புக்காரர் சொல்லி இரண்டு முறை அடித்ததை ஒப்புக்கொண்டேன். அவர் லென்ஸை என் கையில் கொடுத்து, முட்டைக் கூட்டுக்கு நடுவே கறுத்துப்போன சில புள்ளிகளைக் காட்டினார். அது என்கார்சியா என்கிற குட்டிக் குளவி முட்டை வைத்த ஈக்குஞ்சாம். மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதானாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டச் சொன்னார். கீழ் ஓலையில் படிகிற கரும்பூஞ்சணத்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் பசை காய்ச்சித் தெளிக்கச் சொன்னார். காய்ந்ததும் கறுப்பு பொருக்கு பொருக்காக உதிர்ந்துவிடும். மைதாவா என்று மாமா இரண்டு முறை கேட்டார். கூடவே தென்னை டானிக்: 40 மில்லியை 160 மில்லி தண்ணீரில் கலந்து வேரில் கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கடைசியாக, "அடுத்த தடவை போட்டோ எடுத்துட்டு வாங்க. ஈயை ஊர் ஊரா ஏன் தூக்கிட்டு வர்றீங்க" என்று திட்டும் விழுந்தது. நியாயமான திட்டு. அந்த இருபது நிமிடத்துக்காகவே நான் இந்தக் கண்காட்சிக்கு வருடா வருடம் போவேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலையாகப் பார்த்துப் போங்கள். ஞாயிறு என்றால் ஐஸ்கிரீம் கூட்டத்தில் அந்த ஸ்டாலை எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்டாலில் 'கண்காட்சி விலை' என்று போர்டு மாட்டியிருந்த பேட்டரித் தெளிப்பானை வாங்கினேன். பெயர் வேண்டாம். பொள்ளாச்சிக் கடையில் அதே மாடல் முந்நூறு ரூபாய் குறைவு என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் நாளே மூடி வழியாக முதுகில் ஒழுகியது. பில்லில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கிறது, அவ்வளவுதான். பார்ப்பதை இங்கே பாருங்கள், வாங்குவதை உங்கள் ஊர்க் கடையில் வாங்குங்கள். ஒழுகினால் போய்ச் சண்டை போடவாவது ஒரு முகம் இருக்கும்.

இனி கச்சேரி. அந்த வருடம் ஜனவரியில் மகளுக்காகப் போனது. பாடியது யார், நடத்தியது யார் என்பதை விட்டுவிடுகிறேன். பாடகர் மேல் குறையே இல்லை. டிராக்டர் நிற்பதற்குச் சமதளம் எவ்வளவு நல்லதோ, பாட்டுக் கேட்பவனுக்கு அவ்வளவு கெட்டது. முன்னால் நாற்பது வரிசை எழுந்து நின்றால் பின்னால் இருக்கிறவனுக்குத் தெரிவது கை, கையில் செல்போன், செல்போனில் குட்டியாக மேடை. நான் என் மகள் பார்க்கட்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன்.

மேடைக்கும் எங்களுக்கும் நூற்றைம்பது மீட்டராவது இருக்கும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் சுமாரில்தான் நடக்கும். எங்கள் பக்கத்தில் தனியாக ஸ்பீக்கர் கோபுரம் வைக்கவில்லை. அதனால் திரையில் டிரம்ஸ் குச்சி இறங்கும், சத்தம் அரை நொடி கழித்து வரும். குளத்து எதிர்க்கரையில் துணி துவைக்கிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. "அப்பா, அவர் வாயசைக்கிறாரா?" என்று மகள் கேட்டாள். இல்லை கண்ணு, காற்று கொண்டுவர நேரமாகிறது என்றேன். நடுவில் ஒரு மெல்லிய பாட்டு, எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்கிறோம், தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்குகிறது. அதற்கு யாரைத் திட்டுவது? பாடகரே பாட்டை நிறுத்தி, வணக்கம் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். அன்றைக்குப் பெரிய கைதட்டு அதற்குத்தான்.

ஆறரை என்று டிக்கெட்டில் போட்டு ஏழரைக்கு ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணி வரைதான் சட்டம். ஆக அந்த ஒரு மணி நேரப் பாட்டு எங்கள் கணக்கில்தான் போனது. காரை எடுத்து ரோட்டுக்கு வர இன்னொரு மணி நேரம். புழுதியில் எல்லா வண்டியும் ஒரே நிறமாக நின்றது. மகள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். விலை கொடுத்து முன்வரிசையில் உட்கார முடிந்தால் போங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மாடியில் வைத்துக் கேட்கலாம்.

சாப்பாடு இரண்டு முறையும் சுமார்தான். தயிர் சாதம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். கண்காட்சி நாளில் ஒரு கம்மங்கூழ்க் கடை மட்டும் உருப்படி. மோர்மிளகாய் கேட்டால் இன்னொன்றும் கொடுத்தார்கள். கால்வலிக்காரர்களுக்கு உட்கார இடம் குறைவு. மாமா ஒரு டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, விலை விசாரிப்பது போல அரை மணி நேரம் ஓய்வெடுத்தார். விற்பவரும் தெரிந்துகொண்டே டீ வாங்கிக் கொடுத்தார்.

கண்காட்சி நாள் மாலை கிளம்பும்போது மாமா வாங்கியது ஒன்றே ஒன்று, முப்பது ரூபாய்க்குக் கொத்தவரை விதைப் பாக்கெட். அதிலும் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார், நடக்கவில்லை. என் தெளிப்பான் மோட்டார் ரூமில் கவிழ்ந்து கிடக்கிறது. அவர் விதை ஒன்றுகூடப் பொய்க்காமல் முளைத்தது. செப்டம்பரில் ஆரம்பித்து வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் கொத்தவரங்காய்ப் பொரியல்.