சிங்கப்பூரில் சாப்பாடு: எந்தத் தட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டர்: ஒரே கூரையின்கீழ் பல சிறு சாப்பாட்டுக் கடைகள்) ஒரு தட்டு ஹைனான் கோழிச்சோறு ஐந்தாறு வெள்ளி. (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம்.) எம்ஆர்டி ரயில் ஏறி ஆர்ச்சர்ட் சாலைக்குப் போனால், 1971 முதல் இயங்கிவரும் சாட்டர்பாக்ஸ் உணவகத்தில் அதே கோழிச்சோறு 20 வெள்ளிக்கு மேல். வரியும் சேவைக் கட்டணமும் தனி.

ஊரிலிருந்து வருகிறவர்கள் "எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். "என்ன சாப்பிடப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சில பண்டங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு நாற்காலிக்கும் குளிர்சாதனத்துக்கும் போகிறது; தட்டில் எதுவும் மாறுவதில்லை. வேறு சில பண்டங்களில் காசு கொடுத்தால்தான் ருசியே வருகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், கையில் 20 வெள்ளி இருந்தாலும் 200 வெள்ளி இருந்தாலும் இந்த ஊரில் நன்றாகச் சாப்பிடலாம்.

கோழிச்சோறு: மேக்ஸ்வெல்லா, ஆர்ச்சர்டா?

முழுக்கோழியைத் தளதளவென்று கொதிக்க விடாமல் வெந்நீரில் பக்குவமாக வேகவைத்து, உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய கூழ்ப்படலம் உறைவது அதனால்தான். அரிசியைக் கோழிக்கொழுப்பு, பூண்டு, இஞ்சி சேர்த்து வதக்கி, பாண்டான் இலை போட்டு, கோழி வெந்த சாற்றிலேயே சோறாக்குவார்கள். விலை உயர்ந்த பொருள் என்று இதில் ஒன்றுமே இல்லை. தேவைப்படுவது கைப்பழக்கம் மட்டும்தான். ஒரே பண்டத்தை விடிந்தது முதல் ஆண்டுக்கணக்காகச் செய்கிற கைக்கு முன்னால், நாற்பது வகை சமைக்கிற ஹோட்டல் அடுப்பு என்ன செய்துவிட முடியும்? ஹோட்டலில் பங்கு பெரிது, சதை மெத்தென்று இருக்கும், உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம். வயதான பெற்றோரை அழைத்து வந்தவர்கள் அங்கே போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சோற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், என் ஓட்டு மேக்ஸ்வெல்லுக்கு.

மேக்ஸ்வெல்லுக்குள்ளேயே இன்னொரு போட்டி உண்டு. உலகப் புகழ் பெற்ற தியான் தியான் கடையின் வரிசை மதியத்தில் வளைந்து நெளிந்து நீளும். அங்கே முன்பு தலைமைச் சமையல்காரராக இருந்தவர் தொடங்கிய ஆ தாய் கடை சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு. வெயிலில் அலைந்து பசியோடு வந்தால் தயங்காமல் ஆ தாய்க்குப் போங்கள்.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்து அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு என்று பொருள். 100 வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசு ஆகிவிடும். உணவங்காடியில் எழுதியிருக்கிற விலைதான் விலை.

உணவங்காடி ஏன் மலிவு, ஃபுட் கோர்ட் ஏன் வேண்டாம்

1960களின் கடைசியில் அரசு தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1971 முதல் 1980களின் நடுப்பகுதி வரை, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள நிலையங்களைக் கட்டி அவர்களை உள்ளே குடியமர்த்தியது. இன்று தீவு முழுக்க 110-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அப்படித் தெருவிலிருந்து இடம்பெயர்ந்த மூத்த தலைமுறைக்காரர்கள் பலருக்கு இன்றும் மானிய வாடகை. அந்த மானியம் உங்கள் தட்டுவரை வந்து சேர்கிறது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பேரங்காடிக்குள் இருக்கும் ஃபுட் கோர்ட் பார்வைக்கு இதன் தம்பி மாதிரி தெரியும். கடைகள் வரிசையாக இருக்கும், நீங்களே வாங்கி வந்து உட்கார வேண்டும், குளிர்ச்சியும் உண்டு. ஆனால் பேரங்காடி வாடகை கட்டியாக வேண்டும். பெரும்பாலும் சங்கிலி நிறுவனக் கடைகள். சாறும் குழம்பும் வேறெங்கோ மொத்தமாகச் சமைத்து வந்து இங்கே சூடாகின்றன. உணவங்காடியைவிட ஒன்றரை மடங்கு கொடுத்து, அதைவிடச் சுமாராகச் சாப்பிடுகிற இடம் இது. மழை கொட்டும்போதும் கைக்குழந்தை இருக்கும்போதும் ஒதுங்கலாம். தேடிப் போக வேண்டாம்.

உணவங்காடியில் வெக்கை உண்டு, மின்விசிறிதான் துணை. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ இடம் பிடித்து வைத்தது. எடுத்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள். எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்தால் அபராதம் உண்டு. ஹலால் தட்டுக்கும் மற்றத் தட்டுக்கும் அடுக்கு தனித்தனி, பார்த்து வையுங்கள்.

தேக்காவா, சிராங்கூன் சாலை உணவகமா?

நம்மவர்களுக்கு மிகவும் பயன்படுகிற ஒப்பீடு இதுதான் என்று நினைக்கிறேன். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் 1982-இல் கட்டிய தேக்கா நிலையத்தில் ஒரு பக்கம் மீன், இறைச்சி, காய்கறி விற்கிற ஈரச்சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். வெளியே வந்து சாலையைக் கடந்தால் 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ், 1924 முதல் இருக்கும் ஆனந்த பவன்.

பரோட்டா, தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) இரண்டும் தேக்காவில்தான். கல்லிலிருந்து எடுத்துக் கையால் தட்டி உடைத்து, மீன் குழம்போ பருப்போ ஊற்றித் தருகிறார்கள். இரண்டு வெறும் பரோட்டாவும் ஒரு தேநீரும் ஐந்து வெள்ளிக்குள் அடங்கும். உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகத்துக்குப் போய் இதற்குக் கூடுதல் கொடுப்பதில் பொருளே இல்லை.

பிரியாணியில் போட்டி கடுமை. தேக்காவின் அலாவுதீன்ஸ் கடையில் ஏழெட்டு வெள்ளிக்குக் கிடைக்கிற பிரியாணியில் அரிசி உதிரியாக, மணம் தூக்கலாக இருக்கும். அதற்கு எதிரே நான் நிறுத்துவது நார்த் பிரிட்ஜ் சாலையில் 1921 முதல் இருக்கும் இஸ்லாமிக் உணவகம். அங்கே விலை கூடுதல், ஆனால் மசாலா அடக்கமாக இருக்கும். இறைச்சி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வரும். அவசர மதியத்துக்குத் தேக்கா, வீட்டாரோடு போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இஸ்லாமிக். அங்கே போனால் அதே சாலையில், சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-இலிருந்து முர்தபாக் (இறைச்சியும் முட்டையும் உள்ளே வைத்த பரோட்டா) போடுகிற ஜம்ஜம்மையும் விட்டுவிடாதீர்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு என் அறிவுரை நேர்மாறானது: உணவகத்துக்கே போங்கள். உணவங்காடியில் "இறைச்சி இல்லை" என்று வாங்குகிற காய்கறி நூடுல்ஸிலும் கருவாட்டு இறால், சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு ஏதாவது கலந்திருக்கக்கூடும். கோழி வைக்காமல் வெறும் சோறு வாங்கினாலும் அது கோழிச்சாற்றில் வெந்ததுதான். கோமள விலாஸில் தோசைக்கு இரண்டு மூன்று வெள்ளி கூடப் போனாலும் மனம் கலங்காமல் சாப்பிடலாம். சீனர்கள் நடத்துகிற சுத்த சைவக் கடைகள் பல நிலையங்களில் உண்டு. காலையில் அவர்கள் போடும் மெல்லிய அரிசி சேமியா மலிவும் ருசியும் சேர்ந்தது.

மீன் தலைக்கறி: இங்கே கையை விரித்துச் செலவழியுங்கள்

ரெட் ஸ்னாப்பர் என்கிற சிவப்பு மீனின் பெரிய தலை, புளியும் மசாலாவும் கொதிக்கும் சட்டியில் வெண்டைக்காய், கத்திரிக்காய், அன்னாசித் துண்டுகளோடு வருகிறது. 1949-இல் எம். ஜே. கோமஸ் என்ற மலையாளி, மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தன் ஊர்க் குழம்பில் அதைப் போட்டதிலிருந்து தொடங்கியது என்பார்கள். இன்று அது சிங்கப்பூர்ப் பண்டம். கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ இந்த வடிவத்தில் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

இதற்குப் பெரிய மீன் வேண்டும், புதிய மீன் வேண்டும். அதனால்தான் இங்கே காசு தட்டில் தெரிகிறது. ஒரு தலை 30 வெள்ளியை ஒட்டி ஆகும்; பெரியது இன்னும் கூடும். தனியாளாகப் போனால் கட்டுப்படியாகாது, மூன்று நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பத்து வெள்ளி. சோறும் மற்றக் கறிகளும் தனிக் கணக்கு.

ரேஸ் கோர்ஸ் சாலையில் இரண்டு கடைகள் எதிரும் புதிருமாகப் பெயர் வாங்கியவை: 1969-இல் தொடங்கிய முத்துஸ் கறி, 1974-இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோ. அப்போலோவில் குழம்பு காரமும் கெட்டியும். வாழையிலை போட்டு, சோற்றைக் குழி பறித்து ஊற்றிச் சாப்பிட ஏற்றது. முத்துஸில் புளிப்பு முன்னால் நிற்கும், இடமும் நவநாகரிகம். எனக்கு அப்போலோ. காரம் தாங்காத விருந்தாளி வந்தால் முத்துஸ். எங்கே போனாலும் கன்னச் சதையை முதலில் எடுங்கள், கண்ணைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பை ஒதுக்காதீர்கள்; இந்தக் கறியின் ருசி அங்கேதான் இருக்கிறது.

நண்டு

மிளகாய் நண்டு 1950களில் ஒரு தள்ளுவண்டியில் பிறந்தது. இன்று கிலோ 100 வெள்ளியை ஒட்டி. நல்ல கடைகளில் வருவது பெரும்பாலும் இலங்கைச் சேற்று நண்டு, ஓடே நல்ல அகலமாக இருக்கும்.

ஆற்றங்கரை, கடற்கரைப் பெரிய கடலுணவு உணவகம் ஒரு பக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே, கோப்பிக் கடைக்குள் சீனர் நடத்தும், கேட்டதைச் சமைத்துத் தரும் "ட்ஸி சார்" அடுப்பு மறுபக்கம். முன்னதில் காட்சி உண்டு, நண்டு அளவு பெரிது. அதே சமயம் மேசையில் நீங்கள் கேட்காமலேயே வைக்கிற நிலக்கடலைக்கும் ஈரத் துடைப்பானுக்கும்கூடப் பட்டியலில் காசு ஏறும். வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். நான்கு பேர் ஒரு நண்டு, பொரித்த மாந்தோவ் ரொட்டி, ஒரு கீரை, சோறு என்று 180 வெள்ளிக்குச் சாப்பிட்டால், கட்டணமும் வரியும் சேர்ந்து 216 வெள்ளி. ஆளுக்கு 54. கோப்பிக் கடையில் இதைவிடக் கணிசமாகக் குறையும், குழம்பு பல சமயம் இன்னும் நன்றாக இருக்கும். வாழ்வில் ஒருமுறை வருகிறவர்கள் ஆற்றங்கரைக்கே போகட்டும். இங்கே வசிக்கிறவர்கள் கோப்பிக் கடையை விட்டுவிடக்கூடாது. எங்கானாலும் நண்டை எடுக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிடுங்கள்.

நட்சத்திரங்கள்

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கும் மிஷ்லின் வழிகாட்டி 2016-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு சாதாரணக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அவற்றில் சைனாடவுன் சோயா கோழிக் கடை 2021-இல் அதை இழந்தது. கிராஃபோர்டு லேனில் இருக்கும் ஹில் ஸ்திரீட் தாய் ஹ்வா பன்றி நூடுல்ஸ் கடைக்கு அதன்பிறகும் நட்சத்திரம் தொடர்ந்தது. கறுப்பு வினிகர் சுண்டியிழுக்கிற அந்தக் கிண்ணத்துக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை ஒரு மணி நேர வரிசை.

மறுமுனையில், பினாங்கிலிருந்து வந்த மனோ தேவர் நடத்தும் தேவர் உணவகம், இரண்டு நட்சத்திரம் பெற்றது. இரவு விருந்து ஒருவருக்கு 300 வெள்ளியைத் தாண்டும். நம் வீட்டு மசாலாவும் ரசமும் அங்கே என்ன உயரத்துக்குப் போகின்றன என்று பார்க்கிறபோது எனக்குப் பெருமைதான். கொண்டாட ஒரு காரணம் இருந்தால் போகலாம். இந்த ரகக் கடைகளில் மதிய விருந்து தருகிற இடங்களும் உண்டு. இரவைவிட அது பல மடங்கு நியாயம், கையும் ஒரே கைதான்.

ஒரு நாள் கணக்கு

காலையில் தேக்கா பரோட்டாவும் தேநீரும் 5. மதியம் கோழிச்சோறும் எலுமிச்சைச் சாறும் 8. நான்கு மணிக்குக் காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டியும் கோப்பியும் 4. இரவு பிரியாணி 8. மொத்தம் 25 வெள்ளி, ஒரு வேளையும் ஒப்பேற்றியதில்லை. குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கலாம், ஒரு குப்பியை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். கோப்பி கேட்கும்போது பாலும் சர்க்கரையும் வேண்டாமென்றால் "கோப்பி ஓ கோசோங்", இனிப்பு டின் பாலுக்குப் பதில் ஆவியாக்கிய (நீர் வற்றவைத்த) பால் வேண்டுமென்றால் "கோப்பி சி".

மூன்று நாள் தங்குகிறவர்கள் இரண்டரை நாளை இப்படி ஓட்டி, மிச்சத்தை ஒரு மீன் தலைக்கும் ஒரு நண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்: வாரத் தொடக்கத்தில், குறிப்பாகத் திங்களில், பல பிரபலக் கடைகள் விடுமுறை. அவ்வப்போது ஒரு நிலையம் முழுவதும் துப்புரவுக்காகச் சில நாள் மூடப்படும். தேதியைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். நல்ல கடைகளில் சரக்கு பிற்பகல் இரண்டு மணிக்கே தீர்ந்துபோகும், பதினொன்றரைக்கெல்லாம் வரிசையில் நில்லுங்கள். சில்லறை நோட்டுகள் பையில் இருக்கட்டும். வெளிநாட்டு அட்டையை வாங்காத கடைகள் இன்னும் நிறைய உண்டு.